கறியில்லாத ஆட்டுக்கால் சூப்பு

சேலம், நாமக்கல் பக்கம் சாலையோரத்தில் சாக்கை விரித்து, பழுப்பு மயிர் மூடிய குட்டிக் கால்களைப் போல எதையோ குவித்து வைத்திருப்பார்கள். புதிதாய்ப் பார்ப்பவர் கறிக்கடை என்றே நினைப்பார். கொல்லிமலையிலிருந்து இறங்கிய முடவாட்டுக்கால் கிழங்கு அது. மலையேறினால், அறப்பளீசுவரர் கோயில் பக்கத்துக் கடைகளில் சூப்பாகவே சுடச்சுடக் கிடைக்கும்.

கிழங்கு என்கிறோமே தவிர, இது இஞ்சியைப் போலப் படுத்தபடி வளரும் தண்டு. செடி பெரணி இனம். பூக்காது, காய்க்காது, இலையின் அடியிலுள்ள புள்ளிகளிலிருந்து உதிரும் வித்துத்தூளால் பெருகும். பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும். மரத்தின் சாற்றில் கைவைக்காது, இடம் மட்டும் இரவல்.

மண்ணே இல்லாத இடத்தில் எருவுக்கு எங்கே போவது? அதற்காகவே இதற்கு இரண்டு வகை இலைகள். நீண்ட பச்சை இலை வெயிலில் உணவு தயாரிக்கும், வித்தும் அதில்தான். இன்னொன்று குட்டை இலை. தண்டை ஒட்டி நிற்கும், சீக்கிரமே காய்ந்து பழுப்பாகும், ஆனால் உதிராது. கிண்ணம்போல் நின்று சருகு, தூசி, மழைநீர் எல்லாவற்றையும் பிடித்து மட்கவைக்கும். தன் தொட்டியைத் தானே கட்டிக்கொள்ளும் செடி! அந்த இலை ஓக் மரத்து இலையைப் போலிருப்பதைத்தான் 1753-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் சூட்டிய ‘குவெர்சிஃபோலியம்’ என்ற பெயர் சொல்கிறது. கோடையில் பச்சை இலைகள் உதிர்ந்துபோனாலும் தண்டின் சேமிப்பில் செடி பிழைத்துக்கிடக்கும். நாம் கொதிக்க வைப்பது அந்தச் சேமிப்பைத்தான்.

நாலு பேருக்கு நூறு கிராம் போதும். மயிர் போலிருக்கும் செதில்களைக் கத்தியால் நன்றாகச் சுரண்டிவிட வேண்டும். மிச்சமிருந்தால் தொண்டையில் உறுத்தும். உள்ளே வெளிர்பச்சைச் சதை. அதை நறுக்கி மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சியோடு சேர்த்து நசுக்குங்கள். சின்ன வெங்காயமும் தக்காளியும் வதக்கி, நசுக்கியதைப் போட்டு, தாராளமாகத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கொதிக்கட்டும். உப்பிட்டு வடிகட்டி, கொத்தமல்லித்தழை தூவினால் ஆயிற்று.

ஆட்டுக்கால் சூப்பின் ருசி அப்படியே இருக்கிறது என்பார்கள். என் நாக்கு பாதிதான் ஒப்புக்கொள்கிறது. கிழங்குக்கென்று பெரிய ருசி இல்லை. மிளகும் பூண்டும் முக்கால் வேலையைச் செய்கின்றன, மீதியைப் பெயர் செய்கிறது.

முட்டிவலி போகும் என்பதுதான் வியாபாரத்தின் உயிர். சீன மருத்துவத்திலும் இதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்றுக்கு ‘உடைந்த எலும்பைச் சேர்ப்பது’ என்றே பெயர். இந்தக் கிழங்கின் சாரம் எலிகளுக்கு வீக்கத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் ஆய்வகத்தில் செறிவாக இறக்கிய சாரம் வேறு, கோப்பைச் சூப்பு வேறு. மழைநாளில் குடிக்க இதமாக இருக்கும் என்பதற்கு மட்டும் நான் உத்தரவாதம்.

வாங்கும்போது நுனியில் குருத்துள்ள துண்டாகப் பாருங்கள். அதை மட்டும் நறுக்கி வைத்துக்கொண்டு, நிழலான மாமரக் கவட்டையில் தேங்காய் நாரோடு கட்டிவிட்டு, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் தொற்றிக்கொள்ளும். குட்டை இலை பழுத்துக் காய்ந்ததும் செடி செத்துவிட்டதென்று பிய்த்துப் போட்டுவிடாதீர்கள்.