வெளியேறும் வழி அடைபடும்போது

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரை, வந்த வரிசையை விடுத்து, உயிராபத்தின் அளவைக் கொண்டு தரம் பிரிக்கும் முறை சென்ற வாரம் விளக்கப்பட்டது. அம்முறை செம்மையாக நடைபெறும் நாடுகளிலும் அப்பிரிவுகள் நிரம்பி வழிவது ஏன் என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் அனுபவம் தெளிவான விடை தருகிறது.

அந்நாட்டின் தேசிய சுகாதாரச் சேவை, அவசரப் பிரிவுக்கு வருபவர் 4 மணி நேரத்துக்குள் சிகிச்சை முடிந்து வீடு திரும்பவோ, வார்டில் சேர்க்கப்படவோ, வேறு மருத்துவமனைக்கு மாற்றப்படவோ வேண்டும் என்று இலக்கு வகுத்தது. 2004இல் 98 விழுக்காட்டினருக்கு என்றிருந்த அந்த இலக்கு 2010இல் 95 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது. தளர்த்தப்பட்ட அளவும் நாடு தழுவிய நிலையில் கடைசியாக எட்டப்பட்டது 2015 ஜூலையில்தான்.

சளிக்கும் சிறு காயத்துக்கும் மக்கள் திரண்டு வருவதே நெரிசலுக்குக் காரணம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், அத்தகையோர் படுக்கை எதையும் பிடித்துக்கொள்வதில்லை. மருந்து பெற்றதும் சென்றுவிடுகின்றனர். உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும் என்று மருத்துவர் முடிவுசெய்த பின்னரும் வார்டில் இடமின்றி, நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில் கிடத்தப்படுவோராலேயே அப்பிரிவு செயலிழக்கிறது. மருத்துவ நிர்வாகத்தில் 'வெளியேற்றத் தடை' எனப்படுவது இதுவே. 2022 டிசம்பர் என்ற ஒரே மாதத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தனர்.

அதே குளிர்காலத்தில், உடல் தேறியும் மருத்துவமனையை விட்டுச் செல்ல இயலாதோர் நாள்தோறும் 12 ஆயிரத்தைத் தாண்டினர். இவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டில் வந்து உதவும் பராமரிப்பாளரோ முதியோர் காப்பகத்தில் இடமோ தேவைப்பட்டது. மருத்துவமனைச் செலவைத் தேசிய சேவை ஏற்க, பராமரிப்போ உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில், சொத்தையும் வருமானத்தையும் கணக்கிட்டு வழங்கப்படுகிறது. 2021-22இல் அத்துறையில் ஏறத்தாழ 1,65,000 பணியிடங்கள் காலியாக இருந்தன. ஆகவே வார்டு காலியாகவில்லை. வார்டு காலியாகாததால் அவசரப் பிரிவு நகரவில்லை. நோயாளியை 15 நிமிடங்களில் ஒப்படைக்க வேண்டிய ஆம்புலன்ஸ்கள் வாசலில் வரிசைகட்டி நின்றன. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற அழைப்புகளுக்குச் சராசரியாக 18 நிமிடங்களில் சென்றடைய வேண்டிய அவை, 2022 டிசம்பரில் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டன.

இத்தாமதத்தின் விலை மனித உயிர். வார்டில் சேர்க்கப்பட 6 முதல் 8 மணி நேரம் வரை காத்திருக்க நேர்ந்த ஒவ்வொரு 82 பேருக்கும், 30 நாட்களுக்குள் ஒரு மரணம் கூடுதலாக நிகழ்வதாக 2022இல் வெளியான ஆய்வு கணித்தது.

2023 ஜனவரியில் அந்நாட்டு அரசு 5,000 கூடுதல் படுக்கைகளையும் 800 புதிய ஆம்புலன்ஸ்களையும் அறிவித்து, 2024 மார்ச்சுக்குள் 76 விழுக்காட்டினரையேனும் 4 மணி நேர வரம்புக்குள் கொண்டுவர முனைந்தது. எட்ட முடிந்தது ஏறத்தாழ 74 விழுக்காடே. நெரிசலைக் கண்டதும் அவசரப் பிரிவின் கட்டடத்தை விரிவாக்குவது ஆட்சியாளர்க்கு எளிதாகத் தோன்றும்; ஆனால் அதனால் பெருகுவது காத்திருக்கும் இடம் மட்டுமே. வார்டில் படுக்கையும், வார்டிலிருந்து வீடு செல்பவருக்குப் பராமரிப்பும் உறுதி செய்யப்படாத வரையில், எந்த நாட்டிலும் அவசர சிகிச்சை அவசரமாகக் கிடைக்கப்போவதில்லை.

(தொடரும்)