திடலில் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள்

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் நடுவே, இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலைத் தொழிலாளர்கள் பாதுகாப்பு கேட்டு வேலையை நிறுத்தி உள்ளே உட்கார்ந்தார்கள். ஒரகடம் ரெனோ-நிசான் தொழிற்சங்கமோ, சமூக இடைவெளி விதி மீறப்படுவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு ஆலைகளும் சில நாட்கள் மூடப்பட்டன. ஆலைக்குள் கேட்கச் சங்கம் இருந்தது. அதே தொழிலாளியின் பிள்ளை விளையாடும் ஊராட்சித் திடலுக்காக யார் கேட்பது?

பெற்றோர்தான் கேட்க வேண்டும்: டெங்குவைத் தடுக்கத் திடலைச் சுத்தமாக வைக்கவும், அங்கே ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கவும். அதற்குச் சட்டமும் துணை நிற்கிறது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டெங்கு தலைதூக்கும். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். பிள்ளைகள் திடலில் இருக்கும் மாலை நேரம் அதற்கு ரொம்பத் தோது. ஏறி விளையாட மண்ணில் பாதி புதைத்த பழைய டயரைக் குனிந்து பாருங்கள். உள்வளைவில் ஒரு கை தண்ணீர் தேங்கியிருந்தாலே போதும், ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாது. அடுத்த மழைக்குப் பொரியும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரை இறைத்து எடுத்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டயரில் ஓட்டை போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

இதைத் திடலுக்கு வருபவர்களுக்குச் சொல்லத்தான் பலகை; 'எச்சரிக்கை' என்று மட்டும் எழுதிய பலகையால் பயனில்லை. என்ன நோய், என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிவரை, யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் டெங்கு பரவும் குடியிருப்புகளில் பதாகை கட்டுகிறார்கள்: பத்துக்குக் குறைவான நோயாளிகள் என்றால் மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் என்றால் சிவப்பு. படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் புரியும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் வாழும் நம் தொழிற்சாலை வட்டாரத்தில் ஒடியாவிலும் இந்தியிலும் இரண்டு வரி சேர்ப்பது கட்டாயம்.

இன்னொன்றும் பலகையில் வேண்டும். காய்ச்சல் விட்டதும் பிள்ளை தேறிவிட்டது என்று நினைக்கிறோம். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்குத் தனி அத்தியாயமே உண்டு. முதலில் ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். நடக்காவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், முதல்வரின் உதவி எண் 1100. மருத்துவ ஆலோசனைக்கு 104. கடைசியாகக் கொசு மருந்து எப்போது அடித்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.