அரைக்கால் நொடி சினிமா

டோக்கியோவுக்கு மேற்கே, மிதாகா நகரில் இனோகஷிரா பூங்காவை ஒட்டி நிற்கிறது ஜிப்லி அருங்காட்சியகம். முன்பதிவுச் சீட்டை வாசலில் காட்டினால், பதிலுக்குச் சிறியதொரு அட்டை கைக்கு வருகிறது. அதில் 35 மி.மீ. பிலிம் துண்டு ஒன்று பதித்திருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான ஜிப்லியின் படம் ஏதோ ஒன்றின் மூன்று பிரேம்கள் தெரியும். நொடிக்கு 24 பிரேம் என்பது சினிமாக் கணக்கு. அப்படியானால் கையில் இருப்பது அரைக்கால் நொடி சினிமா. எந்தக் காட்சி கிடைக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். கொட்டகை வாசலில் பிலிம் துண்டு பொறுக்கிச் சேர்த்த தலைமுறைக்கு இந்தக் குதூகலத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்த அட்டைதான் கீழ்த்தளத்தில் உள்ள ‘சாட்டர்ன்’ திரையரங்குக்கும் நுழைவுச்சீட்டு.

சுமார் 80 பேர் உட்காரும் அரங்கம் அது. அங்கே ஓடுபவை அருங்காட்சியகத்துக்கென்றே எடுத்த அனிமேஷன் குறும்படங்கள். பெரும்பாலும் 10 முதல் 16 நிமிடம் வரை ஓடும். ஊர்த் திரையரங்குகளுக்கு இவை வருவதில்லை. டிவிடி கிடையாது, ஓடிடியிலும் இல்லை. 2022-இல் அய்ச்சி மாநிலத்தில் ஜிப்லி பூங்கா திறந்த பிறகு, அங்குள்ள ‘ஓரியன்’ அரங்கிலும் இவற்றைத் திரையிடுகிறார்கள்.

எதற்கு இந்தக் கட்டுப்பாடு? கால் மணி நேரப் படத்துக்கு டிக்கெட் விற்று எந்தத் திரையரங்கும் பிழைக்க முடியாது. அதே சமயம், நான்கு வயதுக் குழந்தையை இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார வைக்கவும் முடியாது. வசூலைப் பற்றிக் கவலைப்படாமல், குழந்தையின் பொறுமைக்கு ஏற்ற அளவில் படம் எடுக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி இடம் வேண்டும். இயக்குநர் ஹயாவோ மியாசாகி தாமே திட்டமிட்டு 2001 அக்டோபரில் திறந்த இந்த அருங்காட்சியகம் அந்த இடத்தைக் கொடுத்தது.

அரங்கத்தின் அமைப்பிலும் இந்த அக்கறை தெரிகிறது. வழக்கமான தியேட்டர் போல அடைத்த இருட்டறை இல்லை, ஜன்னல்கள் உண்டு. படம் தொடங்கும்போது அவை மூடிக்கொள்ளும், முடிந்ததும் திறந்து பகல் வெளிச்சத்தை உள்ளே விடும். புரொஜெக்டர் அறையோ ரயில் பெட்டி வடிவில் இருக்கிறது. சுருள் ஓடுவதைப் பிள்ளைகள் வெளியிலிருந்தே பார்க்கலாம்.

முதலில் வந்த ‘குஜிராதோரி’ (2001) மழலையர் பள்ளிப் பிள்ளைகளின் கதை. மரக்கட்டைகளை அடுக்கிக் கப்பல் கட்டுகிறார்கள். வகுப்பறைத் தரை கடலாகிவிடுகிறது. திமிங்கிலம் பிடிக்கக் கிளம்புகிறார்கள். அடுத்த ஆண்டு வந்த ‘மேயும் பூனைக்குட்டி பஸ்ஸும்’ 1988-இன் ‘என் பக்கத்து வீட்டு டொட்டோரோ’ படத்துக்குத் தொடர்ச்சி.

2006-இன் ‘யாதோசகாஷி’யில் துணிச்சல் விசேஷம். பெரிய முதுகுப்பையைச் சுமந்துகொண்டு, ஃபுகி என்ற சிறுமி நகரத்தை விட்டுப் புது வீடு தேடிப் போகிறாள். காற்றின் இரைச்சல், ஆற்றின் சலசலப்பு, பூச்சிகளின் ஊர்தல் என எல்லா ஓசையையும் தமோரி, அகிகோ யானோ என்ற இரண்டு கலைஞர்கள் வாயாலேயே எழுப்பியிருக்கிறார்கள். அந்த ஓசைகள் எழுத்துகளாகவும் திரையில் நெளிந்து ஓடுகின்றன. 2010-இல் வந்த, மாவு உருண்டையும் முட்டை இளவரசியும் தப்பியோடும் படத்தில் வசனமே இல்லை. விவால்டியின் இசையை ஒட்டி ஜோ ஹிசாய்ஷி அமைத்த இசையே கதையை நகர்த்துகிறது. படங்களுக்கு ஆங்கில வசன வரிகள் போடுவதில்லை. ஆனாலும் ஜப்பானிய மொழி தெரியாத குழந்தைக்கு இவை தடுமாற்றம் தராததற்குக் காரணம், வசனத்தைவிட ஓசையையும் இசையையும் நம்பும் இந்தக் கட்டமைப்புதான்.

படம் எப்படி அசைகிறது என்பதற்கும் அதே தளத்தில் விடை இருக்கிறது. ஒரு வட்டத்தட்டில் டொட்டோரோ முதலிய பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் அடுத்ததைவிடச் சற்றே மாறிய நிலையில். தட்டு சுழலும்போது வெறும் கலங்கல்தான். விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கியதும் பொம்மைகள் குதிக்கின்றன. ஒவ்வொரு மின்னலிலும் கண்ணில் விழும் ஒரு நிலையை மூளை அடுத்ததோடு தைத்துவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் ‘ஸோட்ரோப்’ பொம்மையும், கையில் இருக்கும் மூன்று பிரேம்களும் இதே வித்தையில் இயங்குபவைதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். வாசலில் டிக்கெட் விற்பதில்லை. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி, அடுத்த மாதத்துக்கான முன்பதிவு தொடங்கும். பெரியவர்களுக்கு 1,000 யென், நான்கு வயதுக்குக் கீழே இலவசம். கட்டடத்துக்குள் புகைப்படம் எடுக்கக் கூடாது. டொட்டோரோ படத்தில் வரும் பூனை பஸ்ஸின் மெத்தென்ற பொம்மையில் ஏறி விளையாடும் உரிமை ஆரம்பப் பள்ளி வயது வரைதான். அப்பா, அம்மா ஓரமாக நிற்க வேண்டும்.

குறும்படங்களை மாற்றி மாற்றித்தான் திரையிடுகிறார்கள். பூனைக்குட்டி பஸ் படம் வேண்டுமென்றால் அட்டவணையைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் படம். “இன்னொரு தடவை” என்று பிள்ளை அடம்பிடித்தால், அடுத்த 10-ஆம் தேதிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.