புருவத்தை உயர்த்தும் முன்

“சரியா தூங்கலையா?” “யார் மேல கோபம்?” நன்றாகத் தூங்கி எழுந்து, எவர் மீதும் வருத்தமில்லாமல் அலுவலகம் வந்தவரிடம் நாளுக்கு இரண்டு பேர் இப்படிக் கேட்டால், தன் முகத்தின் மீதே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். நாற்பதைத் தாண்டியவர்கள் பிளாஸ்டிக் சர்ஜனைத் தேடிப்போகும் காரணங்களில் இதுவும் ஒன்று. இருபது வயதுக்குத் திரும்பும் ஆசை அவர்களில் பலருக்கு இல்லை. மனசில் இல்லாத சோர்வும் கடுகடுப்பும் முகத்தில் தெரிய வேண்டாம் என்றுதான் நினைக்கிறார்கள். அந்தத் தோற்றத்துக்குப் பல நேரம் காரணமாக இருப்பது, கண்ணுக்கு மேலே இறங்கிப்போன புருவம்.

புருவத்தையும் நெற்றியையும் தூக்கி நிறுத்தும் ‘ப்ரோ லிஃப்ட்’ அறுவை சிகிச்சை இன்று நம் பெருநகரங்களிலும் கிடைக்கிறது. விளம்பரங்கள் ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரண்டு படங்களைக் காட்டுகின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கும் வாரங்களையும் மாதங்களையும் தெரிந்துகொண்டு போகிறவருக்குத்தான் இந்த அறுவை மனநிறைவைத் தரும். அதைவிட முக்கியம், தன் புருவம் ஏன் இறங்கியது என்று தெரிந்துகொள்வது.

ஓயாமல் உழைக்கும் நெற்றி

புருவத்தை மேலே தூக்க நம்மிடம் இருப்பது ஒரே ஒரு தசை. நெற்றி முழுக்கப் பரவியிருக்கும் அதன் பெயர் ஃப்ரன்டாலிஸ். கீழே இழுக்கவோ பல தசைகள் உண்டு. முகம் சுளிக்கும்போது புருவங்களை நெருக்குபவை, மூக்கின் வேரில் இருந்து இழுப்பது, கண்ணைச் சுற்றி வளையமாக ஓடுவது என்று வரிசையாக இருக்கின்றன. இந்தக் கயிறு இழுக்கும் போட்டியில் வயது எப்போதும் கீழ்ப்பக்க அணிக்குத்தான் கை கொடுக்கிறது. தோல் நெகிழ்கிறது, அதற்கு அடியிலுள்ள கொழுப்பு குறைகிறது, கண்குழி எலும்பின் வடிவமும் மாறுகிறது. வெயிலும் புகைப்பழக்கமும் இதை விரைவுபடுத்துகின்றன.

நெற்றித் தசையின் பிடி புருவத்தின் வெளிமுனை வரை முழுசாக எட்டுவதில்லை. ஆகவே அந்த முனைதான் முதலில் சரிகிறது. மேல் இமையின் ஓரத்தில் தோல் மடிந்து தொங்குகிறது. மடிப்பு அதிகமானால் மேலே பார்ப்பதும் பக்கவாட்டில் பார்ப்பதும் தடைப்படும். அப்போது நம்மை அறியாமலே நெற்றித் தசை வேலையைக் கூட்டுகிறது. காலையில் கண் விழித்தது முதல் இரவு வரை புருவத்தைத் தூக்கிப் பிடித்தபடியே இருக்கிறது. நெற்றியில் குறுக்காக ஓடும் கோடுகளைக் ‘கவலை ரேகை’ என்கிறோம். பலருக்கு அவை பார்ப்பதற்காகப் படும் பாட்டின் தழும்புகள். மாலையில் நெற்றி கனப்பதாகச் சிலர் சொல்வதும் இதனால்தான். புருவம் சரியான இடத்துக்கு வந்துவிட்டால் தசைக்கு அந்த உழைப்பு குறைகிறது, கோடுகளும் மங்குகின்றன.

இமையா, புருவமா?

கண் சிறுத்துத் தெரிய மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். புருவம் இறங்கியிருக்கலாம். மேல் இமையில் தோல் மிகுந்திருக்கலாம். இமையைத் திறக்கும் தசையே தளர்ந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. பலருக்கு இரண்டு காரணங்கள் சேர்ந்தும் இருக்கும். கண்ணாடி முன் நேராக உட்கார்ந்து, கண்ணை மூடி நெற்றியைத் தளர்த்திவிட்டு மெல்லத் திறந்து பாருங்கள். பிறகு புருவத்தின் வெளிப்பக்கத்தை விரலால் லேசாகத் தூக்குங்கள். இமை மடிப்பு உடனே விலகினால் புருவத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று பொருள். இதை வைத்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம். மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்க இது உதவும்.

இந்தக் காரணங்களைப் பிரித்தறியத் தவறினால் விளைவு மோசமாகும். புருவம் இறங்கிய ஒருவருக்கு இமைத் தோலை மட்டும் வெட்டி எடுத்தால், பார்வைத் தடை நீங்கியதும் நெற்றித் தசை ஓய்ந்துவிடும். புருவம் முன்பைவிடக் கீழே வரும். புருவத்துக்கும் இமைமயிருக்கும் நடுவே தோலும் குறைந்துபோயிருக்கும். அதன் பிறகு புருவத்தை உயர்த்தப் போனால் கண் முழுசாக மூடாமல் போகும் ஆபத்து உண்டு. முன்பே இமை அறுவை செய்துகொண்டவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

இமை காலையில் நன்றாக இருந்து மாலையில் சரிந்தால் மயஸ்தீனியா கிரேவிஸ் என்னும் நரம்பு-தசை நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கப் புருவம் திடீரென்று இறங்கினால், அதோடு வாய் கோணினால், பேச்சு குழறினால், கையோ காலோ வலுவிழந்தால், அது முகவாதமா பக்கவாதமா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராயாமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள்.

கத்தி போகும் வழிகள்

நெற்றித் தோலை வெட்டி இழுத்துத் தைக்கும் முறையை 1919-லேயே பிரான்சைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ரேமோன் பாசோ எழுதிவைத்தார். பிற்பாடு பல பத்தாண்டுகள் கோலோச்சியது ‘கரோனல்’ முறை. ஒரு காதுக்கு மேலிருந்து மறு காது வரை, உச்சந்தலை வழியாக நீளமாகக் கீறி, நெற்றியை விடுவித்துத் தூக்கி, மிகுந்த தோலை நீக்கித் தைப்பார்கள். பலன் உறுதியானது. ஆனால் தழும்பு நீளம், உணர்விழப்பும் அதிகம். முடி தொடங்கும் கோடும் மேலே ஏறிவிடும்.

1990களின் தொடக்கத்தில் எண்டோஸ்கோப்பி வந்து இதை மாற்றியது. முடிக்குள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவில் மூன்று முதல் ஐந்து சிறு கீறல்கள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். நெற்றியை எலும்போடு பிணைத்திருக்கும் கட்டுகளை விடுவித்து, சுளிக்க வைக்கும் தசைகளைத் தளர்த்தி, புருவத்தை உயர்த்தி, தையலாலோ சிறு திருகாலோ தானாகக் கரையும் பிடிப்பானாலோ எலும்பில் நிறுத்துகிறார்கள்.

நெற்றி ஏற்கெனவே உயரமாக உள்ளவருக்கு முடிக்கோட்டை ஒட்டியே கீறுவது பொருந்தும். புருவத்தின் வெளிமுனை மட்டும் சரிந்தவருக்குப் பொட்டுப்பகுதியில், முடிக்குள் சிறு கீறல் போதும். புருவத்துக்கு நேர் மேலே தோலை எடுக்கும் நேரடி முறை மில்லிமீட்டர் கணக்கில் துல்லியமானது. முகவாதத்தால் புருவம் விழுந்தவர்களுக்கும் முன்வழுக்கை உள்ள ஆண்களுக்கும் இதைப் பரிந்துரைப்பதுண்டு. அதன் தழும்பு முகத்திலேயே இருக்கும். மாநிறமும் கருநிறமும் கொண்ட நம் தோலில் தழும்பு தடிக்கவும் கறுக்கவும் வாய்ப்பு கூடுதல். உங்கள் உடம்பில் பழைய காயம் ஏதாவது தடித்து எழும்பியிருந்தால், முதல் சந்திப்பிலேயே அதைக் காட்டிவிடுங்கள்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் இலக்கு ஒன்றல்ல. பொதுவாக ஆணின் புருவம் கண்குழி எலும்பின் விளிம்பை ஒட்டிக் கிடைமட்டமாக இருக்கும். பெண்ணுடையது சற்று மேலே, வெளிப்பக்கம் வளைந்து உயரும். எவ்வளவு தூக்குகிறோம் என்பதைவிட எந்த வடிவில் நிறுத்துகிறோம் என்பதே பெரிது. நடுப்பகுதியை அளவுக்கு மீறி உயர்த்தினால் எப்போதும் திடுக்கிட்டது போன்ற முகம் வந்துவிடும்.

அந்த நாளும் அடுத்த வாரங்களும்

ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்த பிறகே நாள் குறிப்பார்கள். புகையைச் சில வாரங்கள் முன்பே நிறுத்த வேண்டும்; அது தோலுக்கு ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயம் ஆறுவதைக் கெடுக்கும். ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டும். இதய நோய்க்காக அதை எடுப்பவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்தக் கூடாது. மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, நாட்டு மருந்துகள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

முழு மயக்கத்திலோ, அந்த இடத்தை மரக்கச் செய்து தூக்க மருந்து கொடுத்தோ அறுவை நடக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரம். இமை அறுவையும் சேர்ந்தால் கூடுதலாகும். பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள்.

முதல் மூன்று நாட்கள்தான் கடினம். வலி பெரும்பாலும் மாத்திரைக்குக் கட்டுப்படும். நெற்றி இறுக்கமும் தலைக்கனமும் தொல்லை தரும். வீக்கமும் ரத்தக்கட்டின் நீலமும் நெற்றியிலிருந்து இமைக்கும் கன்னத்துக்கும் இறங்கும். கண் வீங்கி மூடிக்கொள்ளும் அளவுக்கு வந்து பயமுறுத்தலாம். தலையை உயர்த்திப் படுப்பதும், மருத்துவர் சொன்னபடி குளிர் ஒத்தடம் கொடுப்பதும் உதவும். தையலோ ஸ்டேப்ளோ ஒரு வாரம் பத்து நாளில் எடுப்பார்கள். அலுவலக வேலைக்குப் பத்துப் பதினைந்து நாளில் திரும்பலாம். குனிந்து பாரம் தூக்குவது, ஓடுவது, உடற்பயிற்சி இவற்றுக்கு மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும். தலைக்குச் சாயம், சூடான ஹேர் டிரையர் இரண்டையும் மருத்துவர் சொல்லும்வரை தொடாதீர்கள். உச்சந்தலை மரத்திருக்கும்போது சூடு பட்டாலும் தெரியாது.

தொடக்கத்தில் புருவம் எதிர்பார்த்ததைவிட உயரமாகத் தெரியும். அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். வீக்கம் வடிந்து, புருவம் அடங்கி, உண்மையான தோற்றம் வரச் சில மாதங்கள் ஆகும். நெற்றியிலும் உச்சந்தலையிலும் உணர்வு மெல்லத்தான் திரும்பும். நரம்பு மீளும்போது அரிப்பு வரும். கீறலைச் சுற்றி முடி கொட்டினால் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். சில இடங்களில் முளைக்காமலும் போகலாம்.

ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்கி வலித்தால், பார்வை மங்கினால், காய்ச்சல் வந்தால், சீழ் கசிந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

சொல்லாமல் விடக்கூடாத அபாயங்கள்

ரத்தம் உறைந்து தேங்குவது, தொற்று, தழும்பு, இரு புருவமும் சமமில்லாமல் போவது, நிலையான மரப்பு, கண் மூட முடியாமை, சில ஆண்டுகளில் மீண்டும் இறங்குவது ஆகியவை எந்தக் கைதேர்ந்தவரிடமும் நேரக்கூடியவை. மிகவும் அஞ்ச வேண்டியது, நெற்றித் தசைக்கு வரும் முகநரம்பின் கிளை காயப்படுவது. காதுக்கு முன்னிருந்து புருவத்தின் வெளிமுனையை நோக்கி அது செல்லும் பாதையை பிரேசில் நாட்டுப் பிளாஸ்டிக் சர்ஜன் இவோ பிதாங்கி கோடாக வரைந்து காட்டினார்; அவர் பெயரிலேயே அந்தக் கோடு வழங்குகிறது. நரம்பு இழுபட்டிருந்தால் வாரங்களிலோ மாதங்களிலோ இயக்கம் பெரும்பாலும் திரும்பும். அறுபட்டால் அந்தப் பக்கப் புருவம் உயராமலே போகலாம்.

ஊசி போதுமா?

அமெரிக்காவில் 2002-ல் புருவ நடுக்கோடுகளுக்கு போடாக்ஸ் ஊசி அனுமதி பெற்ற பின், கத்தியைத் தள்ளிப்போட ஒரு வழி பிறந்தது. கீழே இழுக்கும் தசைகளில் அளவாகப் போட்டால் அவை தளர்ந்து, புருவம் ஓரிரு மில்லிமீட்டர் உயரும். மூன்று நான்கு மாதம் நிற்கும். லேசான சரிவுக்கு இது போதும். இதில் வரும் மாற்றம் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அறுவையைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் ஏற்கெனவே நெற்றித் தசையின் தயவில் கண் திறந்திருப்பவருக்கு, அந்தத் தசையிலேயே ஊசி போட்டால் புருவம் இன்னும் விழும். நூல் கோத்து இழுக்கும் ‘த்ரெட் லிஃப்ட்’ விரைவில் முடிகிற வேலை. அதன் பலனும் நெடுநாள் நிற்பதில்லை.

யாரிடம், எந்தக் காரணத்துக்காக?

இந்தியாவில் முறையான பிளாஸ்டிக் சர்ஜனுக்கு எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு எம்.சி.ஹெச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி பட்டம் இருக்கும். கண் சீரமைப்பில் தனிப்பயிற்சி பெற்ற கண் மருத்துவர்களும் இதைச் செய்கிறார்கள். பட்டத்தைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். மயக்க மருத்துவர் யார், அவசரம் என்றால் அங்கே என்ன வசதி, இதே அறுவையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், ஓராண்டு கழித்து எடுத்த படங்கள் உண்டா, மறு அறுவை தேவைப்பட்டால் செலவு யாருடையது என்று கேளுங்கள். அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பொருந்தாது, ஜி.எஸ்.டி. விலக்கும் இல்லை. பார்வையே தடைப்படுகிறது என்று பரிசோதனை காட்டினால் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

முகத்துக்கு அறுவையா, வீண் ஆடம்பரம் என்று வீட்டில் சொல்லக்கூடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தியதோடு நிற்கவில்லை. நோயால் புருவம் உதிர்ந்தவர்களுக்கு, ரத்த ஓட்டம் அறுபடாத உச்சந்தலைத் துண்டை நெற்றித் தோலுக்கு அடியில் கொண்டுவந்து புதுப் புருவம் அமைத்துக் கொடுத்தார். நோய் குணமான பிறகும் புருவமில்லாத முகத்தைக் கண்டு ஊர் ஒதுங்கியது. வேலையும் உறவும் திரும்பக் கிடைக்க அந்தப் புருவம் தேவைப்பட்டது. பிறர் கண்ணில் தன் முகம் தன்னைச் சரியாகக் காட்ட வேண்டும் என்று விரும்புவது ஒருபோதும் அற்பமல்ல.

அதே நேரம், கணவரோ மனைவியோ சொன்னார், செல்போனில் பார்த்த நடிகையின் கண் வேண்டும், கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்ற காரணங்களோடு போகிறவர் தள்ளிப்போடுவதே நல்லது. பத்து ஆண்டுக்கு முந்தைய உங்கள் படத்தை எடுத்துச் செல்லுங்கள். அந்தப் புருவத்தை அடைவதுதான் நியாயமான இலக்கு. மருத்துவர் “உங்களுக்கு இது தேவையில்லை” என்று சொன்னால், அந்த வார்த்தைக்காக அவரை இன்னும் கூடுதலாக நம்பலாம்.