விமானி உரிமம்: பணம் கட்டும் முன் நாம் எண்ண வேண்டியவை

கோவை பீளமேடு விமான நிலையத்தையும் சூலூர் விமானப்படைத் தளத்தையும் சுற்றி வாழும் நம் பிள்ளைகளுக்கு விமானம் அன்றாடக் காட்சி. விமானியின் இருக்கையோ எட்டாத் தொலைவு. அந்த உரிமத்துக்குப் பெருந்தொகை கட்டலாமா என்பதற்கு விடை காண, அதன் படிகளை முதலில் அறிய வேண்டும்.

முதற்படி வணிக விமானி உரிமம். 18 வயது, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், முதல் வகுப்பு மருத்துவத் தகுதி, 200 மணி நேரப் பறத்தல் ஆகியவை இதற்குத் தேவை. அமேதி மாவட்டத்திலுள்ள அரசு விமானப் பயிற்சிக் கழகத்திலேயே கட்டணம் சுமார் 45 லட்சம் ரூபாய். அடுத்தது, குறிப்பிட்ட ரக விமானத்தை இயக்குவதற்கான டைப் ரேட்டிங். அதற்கும் பல லட்சம் வேண்டும். மூன்றாவது ஏ.டி.பி.எல். என்னும் உயர்நிலை உரிமம். 21 வயதும் 1,500 மணி நேரப் பறத்தலும் கொண்ட இவ்வுரிமம் இன்றிப் பயணிகள் விமானத்தின் கேப்டன் ஆக இயலாது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது உள்ளது. உயர்நிலை உரிமத்துக்கான மணி நேரங்கள் பெரும்பாலும் துணை விமானியாக ஊதியம் பெறும்போதே சேர்கின்றன. ஆகவே கடன் சுமை பதவி உயர்வில் இல்லை, நுழைவாயிலில் இருக்கிறது.

அந்த வாயிலில் சாதி நிற்கிறது. ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கின்றன. கொங்குப் பகுதியில் நிலமற்ற அருந்ததியர் குடும்பம் எதைப் பிணையாக வைக்கும்?

பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் இப்பயிற்சி இடம்பெற்றுள்ளது. ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அதற்குச் சற்று மேலே ஈட்டும் குடும்பத்துக்கு உதவியும் இல்லை, பிணையும் இல்லை. பொதுத்துறையாக இருந்த ஏர் இந்தியா 2022 ஜனவரியில் தனியாரிடம் சென்றதோடு அதன் நியமனங்களில் இருந்த இட ஒதுக்கீடும் போயிற்று.

எனவே மாணவர்களுக்கு நாம் கூறுவது: மருத்துவத் தகுதியை முதலில் உறுதி செய்யுங்கள். உதவித்தொகைத் தகுதியை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலும், கடன் வாய்ப்பைத் தாட்கோவிலும் எழுத்து மூலம் கேட்டறியுங்கள். கட்டணத்தை ஒரே தவணையில் செலுத்தாதீர்கள். பறக்கும் மணி நேரத்தையும் பணம் திரும்பும் விதியையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வேலை உறுதியாகும் முன் டைப் ரேட்டிங் வாங்காதீர்கள். உரிமம் பெற்றபின் வேலையின்றிக் கழியக்கூடிய மாதங்களுக்கான வட்டியையும் கணக்கில் சேருங்கள்.

எனினும், கணக்குப் போட வேண்டியது மாணவர் மட்டுமல்ல. இந்திய விமான நிலைய ஆணையம் 2022இல் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தேர்ந்த ஐந்து நிலையங்களுள் சேலமும் ஒன்று. நம் மண்ணிலேயே ஓடுதளம் இருக்கையில், பட்டியல் சாதி மாணவரின் முழுக் கட்டணத்தையும் ஏற்பதும் கடனுக்கு அரசே பிணை நிற்பதும் சலுகையல்ல. நிலம் மறுக்கப்பட்ட மக்களுக்குச் சேர வேண்டிய உரிமை.