பேராதனை வளர்த்த கூத்தும் அதன் அயலில் நின்ற கூத்தும்

கண்டி மாநகரிலிருந்து ஏறத்தாழ நான்கு மைல் தொலைவிலுள்ள பேராதனையில், 1962 ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகளுள் நிகழ்ந்த ஒரு முயற்சி, ஈழத்துத் தமிழ் நாடகத்தின் போக்கையே வேறு திசைக்குத் திருப்பிற்று. நம் பழைய மாணவருள் மூத்தோர் சிலர் அதனை நேரிற் கண்டிருத்தல் கூடும். இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் இளையோர்க்கோ, அது நாடகமும் அரங்கியலும் என்னும் பாடத்தில் மனனஞ் செய்ய வேண்டிய நான்கு பெயர்களாகச் சுருங்கிவிட்டது. கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று ஒப்புவிப்பார்கள். அப்பெயர்களுக்குப் பின்னால் நின்றது யாது என்று வினவினால் விழிப்பார்கள்.

கூத்தை அறிய விரும்புவோர் முதலில் அது எவ்வாறு உருவாகின்றது என்பதை அறிதல் வேண்டும். மட்டக்களப்பு நாட்டிலே ஓர் ஊரார் கூத்துப் பழகக் கருதினால், ஊர்ப் பெரியோர் கூடி அண்ணாவியாரை அழைப்பர். அவர் இளைஞரின் குரலையும் உடற்கட்டையும் நோக்கி, இன்னார்க்கு இன்ன வேடம் என வகுத்து, பாட்டுப் பகுதிகளைப் பகிர்ந்தளிப்பார். இதற்குச் சட்டங்கொடுத்தல் என்று பெயர். பின்னர்ப் பல மாதங்கள் இராக்காலத்திலே பயிற்சி நடைபெறும். ஆட்டம் கைவந்தபின் சதங்கை அணிதல், அதன்பின் அடுக்குப் பார்த்தல், இறுதியாக அரங்கேற்றம். வட்டக்களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, சல்லரி ஒலிக்க, பிற்பாட்டுக்காரர் பாட, நாற்புறமும் ஊரார் சூழ்ந்திருக்க, முன்னிரவில் தொடங்கிய கூத்து விடியுமட்டும் நிகழும். நுழைவுச் சீட்டு என்பது இல்லை. உடுப்புக்கும் முடிக்கும் ஆகும் செலவை ஆடுவோரும் அவர்தம் உறவினருமே ஏற்பர். அரங்கேற்றத்தின் பின் வீடுவீடாகச் சென்று ஆடுகையிற் கிடைக்கும் அன்பளிப்பு அண்ணாவியாரைச் சேரும். ஊதியங் கருதாத நாடக மன்றங்கள் மேனாடுகளிலே அறநிதியத்தையும் அரசின் கொடையையும் நம்பி நடப்பனவாகக் கேள்விப்படுகின்றோம். நம்மவரிடையே ஊரே மன்றம். ஊரார் கடமையே அதன் மூலதனம்.

இத்துணைச் சிறப்புடைய கலையை ஆங்கிலக் கல்வி பெற்றோர் நெடுங்காலம் இழிவாகவே எண்ணினர். கூத்தாடுதல் என்பதே ஒரு வசைமொழியாயிற்று. அவ்வெறுப்பின் அடியிற் சாதி நோக்கும் கிடந்தது என்பதை மறைப்பதாற் பயனில்லை. நகரத்துக் கனவான்கள் சபைகள் அமைத்து, படச்சட்ட மேடையிலே திரைச்சீலைகளைத் தூக்கியும் இறக்கியும் நாடகம் நடத்தினர். சென்னையிலே பம்மல் சம்பந்த முதலியார் 1891 இல் நிறுவிய சுகுண விலாச சபை அவர்களுக்கு முன்மாதிரியாயிருந்தது. கலையரசு சொர்ணலிங்கம் போன்றோர் அவ்வழியிற் செய்த தொண்டு பெரிது. ஆயினும் அம்மேடையிற் கூத்துக்கு இடமில்லை.

இந்நிலையிலே தமிழரை விழிக்கச் செய்தது ஒரு சிங்கள நாடகம் என்பது வியப்பன்று, கொஞ்சம் நாணத்தக்கது. பேராதனைப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956 ஆம் ஆண்டில் ‘மனமே’ என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். அதற்கு அவர் அடிப்படையாகக் கொண்டது ‘நாடகம’ என்னும் சிங்களக் கிராமிய ஆடல்வகை. அந்த நாடகமவோ தமிழ் நாட்டுக்கூத்தின் வழிவந்தது என்பதை அவர் தம் ஆய்வில் எடுத்துக்காட்டியவர். நம் வீட்டு விளக்கு அயலார் கூடத்தில் எரிவதைக் கண்டபின்னரே நாம் நம் திண்ணையைத் தடவிப் பார்த்தோம்.

தடவிப் பார்த்தவருள் முதல்வர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1924 இல் தெல்லிப்பழைப் பகுதியிற் பிறந்து, இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்று, பேராதனையிற் றமிழ் கற்பித்த அவர், இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைமையை ஏற்று ஊரூராகச் சென்றார். அண்ணாவிமாரைக் கௌரவித்தார், கூத்துப் போட்டிகளை நடத்துவித்தார், ஏட்டில் உறங்கிய அலங்காரரூபன் நாடகம் முதலியவற்றை அச்சேற்றினார். அடுத்து அவர் செய்த செயலே பெருந் துணிவுடையது: பல்கலைக்கழக மாணவர் காலிற் சதங்கையைக் கட்டினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு வந்து, கலைமாணிப் பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தாளக்கட்டுச் சொல்லிக் கொடுத்தார். பள்ளிப்படிப்பாற் பெறவியலாத ஒன்றைக் கிராமத்து ஆசானிடம் கைகட்டி நின்று பட்டதாரிகள் கற்ற அக்காட்சியையே யான் அம்முயற்சியின் பெரும் பேறு என்பேன்.

கர்ணன் போர் 1962 இலும், தென்மோடியைச் சேர்ந்த நொண்டி நாடகம் அதற்கு அடுத்த ஆண்டிலும், இராவணேசன் 1964 இலும் மேடையேறின. வாலிவதை பின்னர் வந்தது. விடியவிடிய ஆடும் கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி, இரண்டு மணி நேர அளவுக்குச் சுருக்கப்பட்டது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. பெண் வேடங்களைப் பெண்களே தாங்கினர். இராவணேசனிலே, அதுவரை கூத்திற் பெரிதும் வீரம் பேசும் பாத்திரமாக நின்ற இராவணன், மகனையும் தம்பியையும் இழந்து மனம் நொந்து போர்க்களம் செல்லும் துன்பியற் றலைவனாக உயர்ந்தான். அவ்வேடம் புனைந்த மாணவர் மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு, பின்னாளிற் பேராசிரியராகிக் கூத்தாய்விலும் அரங்கிலும் பெயர் நாட்டியவர். வித்தியானந்தனும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய் விளங்கி, 1989 இல் மறைந்தார்.

சுருக்கியதாற் கூத்துக் கெட்டதென்பாரும் உளர். சுருக்கியதாற்றான் பிழைத்ததென்பாரும் உளர். நகரத்தார் கண்ணுக்கு அதனை ஏற்புடையதாக்கிற்று என்றவகையிற் பின்னையோர் கூற்றே எனக்கு உடன்பாடு. எனினும் ஒன்று சொல்லாமற் போவதற்கில்லை. களரி மேடையானபோது, சுற்றியிருந்த ஊரார் எதிரேயிருக்கும் பார்வையாளராயினர். தன் மகன் ஆடும் கூத்துக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்த தாய் அங்கில்லை. கலையின் மதிப்பு மீண்டது. கலைக்குரியோர் யார் என்னும் வினா மட்டும் அப்படியே நின்றது.

அவ்வினாவை வேறெங்கும் தேடிப்போக வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தின் மேலே நிமிர்ந்து நிற்கும் அந்தானை மலையைப் பார்த்தாற் போதும். கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலே, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தங்களோடு கொணர்ந்த காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் நிலைபெற்றிருந்தன. மேலே சொன்ன நான்கனுள் இவற்றில் ஒன்றேனும் இல்லை. கிழக்குக் கரையிலிருந்து அண்ணாவியாரை அழைத்துவந்த பேராதனை, அயலில் முழங்கிய தப்பொலிக்குத் தன் மேடையில் இடந்தரவில்லை. இதனைக் குற்றமாகக் கூறுகின்றேன் அல்லேன். மலைநாட்டுத் தமிழரை அக்காலத்துக் கற்றறிந்தோர் எவ்வளவு தொலைவில் வைத்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

காமன் கூத்தும் ஊதியமில்லாக் கலையே. மாசி மாதத்து அமாவாசை கழிந்தபின் திடலிலே கம்பம் ஊன்றப்படும். இரதி, மதன் வேடம் ஏற்போர் நோன்பிருப்பர். ஒவ்வோரிரவும் ஆட்டமும் பாட்டும் நடைபெற, இறுதி நாளிரவில் தூதனும் வீரபத்திரனும் எமனும் தோன்ற, சிவன் நெற்றிக்கண் திறக்க, மதன் எரிவான், இரதி புலம்புவாள். விடிந்தாற் பெரட்டுக்குப் போகவேண்டிய ஆண்களும் பெண்களும் அந்த இரவு முழுவதும் கண்விழித்திருப்பர். செலவு லயத்துக்கு லயம் திரட்டிய பணம். ஆட்டுவிப்பவர் தோட்டத்துக் கூத்து மாஸ்டர். அவரும் மலையில் வேலை செய்பவரே.

இத்தகைய கலை, அதனைத் தாங்கும் மக்கள் ஓரிடத்தில் இருக்குமளவே இருக்கும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கியது. இராவணேசன் மேடையேறிய அதே 1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில், சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுதல் வேண்டும் என வகுத்தது. அடுத்து வந்த ஆண்டுகளிலே தோட்டந்தோட்டமாகக் குடும்பங்கள் பெட்டி கட்டின. கண்டியிலிருந்து புகையிரதமேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் இறங்கின. இரதி வேடக்காரர் ஒரு பட்டியலிலும், தப்படிப்பவர் மற்றொரு பட்டியலிலும் இருந்தால், அவ்வாண்டு மாசியிற் கம்பம் ஊன்றுவது யாங்ஙனம்? சென்றவர்களுட் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். எஞ்சியோர் இங்கு இன்றும் காமன் கூத்தை ஆடுகின்றனர். அவர்தம் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்து, அந்த நான்கு பெயர்களையும் மனனஞ் செய்கின்றனர்.