ஆட்டமும் ஆதாயமும்

கிரிக்கெட் வெறும் பொழுதுபோக்கென்பது பழைய கருத்து. 2008-ஆம் ஆண்டு தோன்றிய இந்தியன் பிரீமியர் லீக் அதனைப் பெருவாணிகமாக்கிற்று. 2023 முதல் 2027 வரையுள்ள ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. இதனால் நாடு செல்வமுறுமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

2015-ஆம் ஆண்டுப் போட்டிகளால் நாட்டின் உற்பத்திக்கு 1,150 கோடி ரூபாய் சேர்ந்ததெனக் கிரிக்கெட் வாரியம் கூறிற்று. தொகை பெரிதே, எனினும், மொத்த உற்பத்தியில் அது பதினாயிரத்தில் ஒரு பங்கும் ஆகாது. அன்றியும், ஆட்டம் இல்லையாயின் மக்கள் அப்பணத்துள் ஒரு பகுதியை வேறொன்றிற்குச் செலவிட்டிருப்பர்.

நம் காஞ்சிப் பட்டையே நோக்குக. பட்டுநூலின் விலை கருநாடகத்திற்கும், சரிகையின் விலை சூரத்திற்கும் பெரிதும் செல்லும். நெசவுக் கூலியும் வணிகர் ஊதியமுமே ஊரில் தங்குவன. ஆட்ட வருவாயும் அத்தகையதே. உரிமைப் பணம் வாரியத்தையும் அணிகளையும் சாரும். உணவுவிடுதியாரும் வண்டிக்காரரும் சிறுவியாபாரிகளும் பெறுவதே ஊர்ப்பொருள். 2018-இல் காவிரிக் கிளர்ச்சியின்பொருட்டு, ஓர் ஆட்டம் நடந்தபின், சென்னை ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டன. ஒளிபரப்பு நின்றிலது, சேப்பாக்கத்துச் சிறுவியாபாரிக்கோ அப்பருவம் வாராது போயிற்று.

ஆதலின், லீக்கின் பயனை அதன் விலையால் அளவாது, ஊரில் தங்கும் கூலியால் அளத்தல் வேண்டும். வைகாசிக் கருடசேவைக்குக் கடைவிரிக்கும் நம்மூரார் இதனை நூல் கல்லாமலே அறிவர்.